மேல்தாள் இல்லாத கதவு

எங்கள் காரைமுனையில் கதவுகள் திறக்காமல் போன வருஷம் என்று ஒரு வருஷம் உண்டு. பிள்ளை பிறந்ததையும் படகு வாங்கியதையும் இன்றைக்கும் அதை வைத்துத்தான் சொல்கிறோம், கதவு மூடிக்கொண்டதற்கு முந்தின மாசி, கதவு திறந்ததற்குப் பிந்தின ஐப்பசி என்று. வெளியூர்க்காரர்கள் அதென்ன கதை என்று கேட்டால், கதையெல்லாம் ஒன்றுமில்லை, கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான் என்போம். நான் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பெயர் ராபியா. அந்த விவகாரம் முழுக்க என் கடை ஸ்கேனர் வழியாகத்தான் போனது, அதனால் ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதைவிட நான் சொல்வதைக் கேட்பது நல்லது.

எமல்டா டீச்சர் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அவர் புருஷன் ஞானராஜ், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் வாரத்தில் இன்னும் மூன்று பேரோடு படகில் போனவர், வரவில்லை. கடலில் போனவர் திரும்பாவிட்டால் எங்கள் ஊரில் அந்த வீட்டு வாசல் கதவை நாற்பது நாள் சாத்த மாட்டார்கள், மழை அடித்தாலும் நாய் நுழைந்தாலும் திறந்தேதான் கிடக்கும். நாற்பத்தோராம் நாள் மனைவி தன் கையால் அதைச் சாத்தி உள்ளே தாழ் போட வேண்டும். அந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்ட பிறகுதான் மாதா கோயில் பலகையில் அவர் பெயர் எழுதப்படும், திருவிழாவில் வாசிக்கப்படும். மற்ற மூன்று வீட்டுக் கதவுகளும் நாற்பத்தோராம் நாள் சாத்தப்பட்டன, மூன்று வீட்டிலும் அழுகை கேட்டது. எமல்டா டீச்சர் வீட்டுக் கதவு மட்டும் திறந்தே கிடந்தது.

ஏன் டீச்சர் என்று கேட்டதற்கு, "சாத்தணும்னு தோணல ராபியா. தொறந்து வைக்கணும்னும் தோணல. அது பாட்டுக்குக் கெடக்குது" என்றார். அவர் அழவும் இல்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார், பேசினால் பதில் சொன்னார், வெந்நீர் கையில் கொட்டினால் கூட எங்கோ யாருக்கோ கொட்டினது போலப் பார்த்தார். கால் மரத்துப் போனால் உதறிவிடுகிறோம், ஆள் முழுக்க மரத்துப் போனால் எதை உதறுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டார். வாசலில் மணல் ஏறி, கோழிகள் கூடத்தில் முட்டையிட்டு, மூன்று வருஷம் போனது.

அப்போதுதான் சென்னையிலிருந்து விபின் என்பவர் டீச்சரைத் தேடிப் பிடித்தார். டீச்சருடைய பழைய மாணவி ஒருத்தி அவரிடம் வேலை பார்க்கிறாளாம், அவள் சொல்லி. முப்பது வருஷத்துக்கு முன் வந்த மாதிரியே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறார்கள், படகில் வந்து இறங்கிய ஒருவன் தொலைந்துபோன திசைகாட்டியைத் தேடி ஒரு துறைமுக ஊரில் வீடு வீடாகக் கதவைத் தட்டுகிறான், அந்த ஊரை வரைந்து தர வேண்டும் என்றார். கம்ப்யூட்டரில் வரைந்தால் என்னவாம் என்று நான் கேட்டேன். காகிதத்தில் போஸ்டர் கலரில் கையால் தீட்டி, ஸ்கேன் செய்து, அதைப் புள்ளி புள்ளியாகச் சுருக்கினால்தான் அந்தப் பழைய களை வருமாம், கம்ப்யூட்டரில் வரைந்தால் துடைத்துவைத்த எவர்சில்வர் பாத்திரம் போல இருக்குமாம். டீச்சருக்கு வேறு துறைமுகம் தெரியாது, அதனால் எங்கள் ஊரையே வரைந்தார்.

அந்த வேலைக்குச் சில சட்டங்கள் உண்டு. படத்தின் கீழ்ப்பகுதி வெறும் தரையாக இருக்க வேண்டும், விளையாட்டு ஆள் நடப்பதற்கு. மனிதர்களை வரையக் கூடாது, அது வேறு யாரோ எங்கோ உட்கார்ந்து செய்கிற வேலை. முக்கியமானது கதவு. எல்லாக் கதவையும் மூடியே வரைய வேண்டும், அதற்கு அடித்தாள் என்று பெயர். விளையாட்டில் எந்தக் கதவு திறக்குமோ அந்தக் கதவளவுக்கு மட்டும் தனியாக இன்னொரு காகிதத்தில் திறந்த கதவையும் உள்ளே தெரிகிறதையும் வரைந்து தர வேண்டும், அது மேல்தாள். ஆடுகிறவர் கதவை அமுக்கினால் மேல்தாள் வந்து அடித்தாளின் மேல் உட்கார்ந்துகொள்ளும், கதவு திறந்தது போல இருக்கும். டீச்சர் ஒரு பழைய இட்லித் தட்டில் கலர் கலப்பவர், சாயங்கால வெளிச்சத்துக்குக் கலந்த மஞ்சள் இன்னொரு தடவை கலந்தால் அதே மாதிரி வராது என்று, ஒரே மூச்சில் நாற்பத்துமூன்று அடித்தாள்களையும் முதலில் முடித்துவிடுவது, மேல்தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டார். வரைகிறவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

முதலில் போனது ஐஸ் கம்பெனிக் கதவு. நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன், விபினிடமிருந்து "சேர்த்தாச்சு மேடம்" என்று செய்தி வந்தது, அந்த நேரத்தில் ஐஸ் கம்பெனிக் கதவு மூடிக்கொண்டது. கடப்பாரை போட்டார்கள், நான்கு பேர் தோள் கொடுத்தார்கள், கதவு அசையவில்லை, கீறல்கூட விழவில்லை. ஐஸ் கம்பெனி பாவா கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கச் சுவரில் இருந்த ஜன்னலின் கம்பிகளை அறுத்தெடுத்து அந்த வழியாகக் கட்டிகளைத் தள்ளத் தொடங்கினார். மீன் காத்திருக்காது பாருங்கள். இரண்டே நாளில் ஐஸ் என்பது ஜன்னல் வழியாக வருகிற பொருள் என்று எல்லாருக்கும் பழகிவிட்டது.

அதற்கடுத்து மருதையன் சலூன். உள்ளே ஒருவர் முகமெல்லாம் சோப்போடு உட்கார்ந்திருக்கும்போது கதவு மூடிக்கொண்டது, ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்து அவரை வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது, அதற்குள் அவருக்கு இரண்டாவது சவரமும் ஆகிவிட்டது. பிறகு கோமளா டிபன் கடை, தபால் பெட்டிக்கு எதிர்வீடு, வலை பின்னும் கொட்டகை, வார்டு கவுன்சிலர் அலுவலகம். கவுன்சிலர் அலுவலகம் மூடிக்கொண்டதை மட்டும் ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அன்னவாசல் தெருவில் ஒரு கல்யாணம் நடந்தது, பெண்ணை ஜன்னல் வழியாக இறக்கி மாலையைச் சரிசெய்து நிறுத்தினார்கள், மாப்பிள்ளை வீட்டார் இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து, எங்கள் பையனும் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டுமா, வலதுகாலை எப்படி எடுத்து வைப்பது என்று கவலையோடு கேட்டார்கள். மரவேலைக்காரர்கள் கதவை மறந்து ஜன்னலுக்கு ஏணிப்படி செய்யப் பழகினார்கள். வயதானவர்கள் முழங்காலைத் திட்டினார்களே தவிர, காரணம் தெரிந்த பிறகும் டீச்சரைத் திட்டவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது நான்தான், பெருமைக்குச் சொல்லவில்லை, ஸ்கேனர் மூடியைத் திறந்து மூடுகிறவளுக்கு அது தெரியாமல் போனால்தான் ஆச்சரியம். எந்தத் தாள் போகிறதோ அந்தக் கதவு போகிறது. சொன்னதும் டீச்சர் தன் இட்லித் தட்டைப் பார்த்தார். "அப்படியா" என்றார். "மேல்தாள் போட்டா தொறந்துரும்" என்றார். அவ்வளவுதான், அடுத்த தாளை எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த தாள், நாற்பத்துமூன்றாவது, அவருடைய சொந்த வீடு.

சட்டப்படி மூடிய கதவோடுதான் வரைந்தார். மூன்று வருஷமாக மூடியதே இல்லாத கதவை, எதிர்ச் சாரியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மூடினால் எப்படி இருக்குமோ அப்படி, பலகையின் வெடிப்பு உட்பட வரைந்தார். நான் அனுப்பினேன், சேர்த்தாச்சு என்று வந்தது, வாசலில் ஏறியிருந்த மணலை மெதுவாகத் தள்ளிக்கொண்டு கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொண்டது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. டீச்சர் முக்காலியை மடக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போனார்.

தெருவுக்கு உள்ளூர ஒரு நிம்மதி, ஒரு வழியாகச் சாத்தியாயிற்று என்று. ஆனால் படகுச் சங்கத்துத் தலைவர் சூசை, பலகையில் பெயர் எழுதுகிறவர், ஒத்துக்கொள்ளவில்லை. கொல்லைப்பக்கம் வந்து நின்றுகொண்டு, "எமல்டா, பேரு எழுத முடியாதும்மா" என்றார்.

"சாத்தித்தானே இருக்கு" என்றார் டீச்சர்.

"ஒன் கை சாத்தல. சத்தமும் கேக்கல. கலரு சாத்துனதுக்கெல்லாம் பேரு எழுதுனா நாளைக்கு மத்தவளுவ என்னைக் கேப்பாளுவ."

"சரி மாமா. எழுத வேண்டாம்."

"ஒனக்கு ஒண்ணும் தோணலையாம்மா?"

"இல்ல மாமா. எதாச்சும் தோணும்னுதான் நானும் பாக்குறேன்."

சூசை மாமா என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பலகையில் ஞானராஜோடு போன மூன்று பேருக்கும் நடுவில் ஒரு வரி இடம் விட்டு எழுதி வைத்திருந்தார் அவர், மூன்று வருஷமாக.

அதன்பிறகு மேல்தாள் காலம். டீச்சர் முதலில் கோமளாவுக்குத் தனியாக ஒரு மேல்தாள் வரைந்து கையில் கொடுத்தார், கோமளா அதைக் கதவில் ஒட்டிப் பார்த்தாள், நீரில் நனைத்துத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கதவுக்குத் தெரியும். விபின் கணக்கிலோ திறக்கிற கதவு ஒன்பதுதான், மற்றதெல்லாம் தட்டினால் "பூட்டியிருக்கிறது" என்று எழுத்து வருகிற கதவுகள். அதனால் ஊர் மொத்தமும் என் கடைப் போனிலிருந்து விபினைக் கூப்பிட்டு, அந்தப் படகில் வந்தவன் தங்கள் வீட்டுக்குள் ஏன் வந்தே ஆக வேண்டும் என்று காரணம் சொன்னது.

"ஒங்க ஆளு பசியாற வேண்டாமா தம்பி, திசைகாட்டிய தின்னுட்டா அலைவான்" என்றாள் கோமளா. எத்தனை நாள் கடலில் கிடந்தவன், தாடி இருக்கும் என்றான் மருதையன். ஐஸ் கம்பெனி பாவா, வெயிலில் வருகிறவன் குளிர்ச்சியாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகட்டுமே என்றார். கவுன்சிலர் மட்டும் காரணம் சொல்ல முடியாமல் திணறினார், கடைசியில் மனு கொடுக்க வரலாம் என்றார். "மேடம், ஊர்ல எல்லா வீட்டுக்குள்ளயும் போகணுமா? இது கேமா, ஓட்டுக் கேக்குறதா?" என்று விபின் புலம்பினார், ஆனாலும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். டீச்சர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஜன்னல் வழியாக ஏறிப் போய், கதவு திறந்தால் என்ன தெரியும் என்று பார்த்துவந்து வரைந்தார். ஒவ்வொரு "சேர்த்தாச்சு"வுக்கும் ஒரு கதவு திறந்தது, திறந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்குப் பாயசம் வைத்தார்கள். ஏணிப்படிகளில் கோழி அடைந்தது. புரட்டாசிக்குள் நாற்பத்திரண்டு கதவுகள் திறந்துவிட்டன.

நாற்பத்துமூன்றாவதைப் பற்றி டீச்சர் விபினிடம் பேசவில்லை. எங்களுக்கும் சொல்ல வாய் வரவில்லை. மாதக் கடைசியோடு எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடுவோம், அப்புறம் ஒரு புள்ளிகூடச் சேர்க்க முடியாது என்று விபின் சொல்லியிருந்தார். அதற்குள் மேல்தாள் போகாவிட்டால் அந்தக் கதவு இனி எப்போதும் திறக்காது, திறக்காத கதவைச் சாத்தவும் முடியாது, சூசை மாமாவின் பலகையில் அந்த ஒரு வரி அப்படியே கிடக்கும், டீச்சரும் கொல்லைப்பக்கமாகவே போய்வந்துகொண்டு, எதாச்சும் தோணுமா என்று பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடுவார். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

கட்டி முடிக்க நான்கு நாள் இருக்கும்போது, சரிபார்க்கச் சொல்லி விபின் விளையாட்டை என் கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். டீச்சர் உட்கார்ந்து ஆடினார், நான் பக்கத்தில் ஸ்டூலில். கட்டைவிரல் அளவு ஆள், நீலச் சட்டை, படகிலிருந்து இறங்கி எங்கள் கடைத்தெருவில் நடந்தான். கோமளா கடைக்குள் போனான், சலூனுக்குள் போனான், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு டீச்சருடைய தெருவில் திரும்பி, அவர் வீட்டு முன்னால் வந்து நின்றான். தட்டினான். மற்ற வீடுகளுக்கு முதலில் பூட்டியிருக்கிறது என்று எழுதியவர்கள் இதற்கு மட்டும் என்ன நினைத்தார்களோ, "யாரும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அவன் திரும்பிக் கடல் பக்கம் நடந்தான்.

டீச்சர் அவனைத் திரும்பக் கூட்டிவந்து தட்டவைத்தார். யாரும் இல்லை. திரும்பவும் தட்டவைத்தார். யாரும் இல்லை. நாற்பது தடவையாவது இருக்கும், எனக்குப் பயமாகிவிட்டது, ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அதன்பிறகு டீச்சர் மவுஸிலிருந்து கையை எடுத்துக் கையைப் பார்த்தார்.

"நான் உள்ளதானே ராபியா இருக்கேன்" என்றார்.

அந்தக் குரலை நான் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. விபினைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தேன்.

"மேடம், அந்த வீட்டுக்குள்ள அவனுக்கு என்ன வேலை?" என்று விபின் கேட்டது எனக்கும் கேட்டது.

"ஒரு வேலையும் இல்ல. அவன் உள்ள போக வேண்டாம். கதவு தொறக்கணும், கொஞ்ச நேரம் தொறந்து இருக்கணும், அப்புறம் மூடணும். மூடுற சத்தம் கேக்கணும்."

"யாரு மேடம் மூடுவாங்க? கதையில அங்க ஆளே இல்லையே?"

"நீங்க தொறந்து மட்டும் குடுங்க. மூடுறத நான் பாத்துக்கறேன்."

சரி மேடம், ரெண்டு நாளைக்குள்ள அனுப்புங்க என்றார் விபின். நல்ல பிள்ளை.

மறுநாள் காலை எதிர்ச் சாரியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார் டீச்சர். கதவளவுக் காகிதத்தை மடியில் வைத்து, தூரிகையை நனைத்து, அப்படியே இருந்தார். "உள்ள என்ன இருக்கு ராபியா?" என்றார். தினமும் படுத்து எழுந்திருக்கிற வீடு, அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நான் கொல்லைப்பக்கமாகப் போய்க் கூடத்தில் நின்றுகொண்டு, மூடிய கதவுக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் கத்திச் சொன்னேன். ஆணியில கட்டம் போட்ட சட்டை ஒண்ணு. மூணு வருஷத்துக்கு முந்தின காலண்டர், ஜூன் மாசம். நீல நைலான் கயிறு ஒரு சுருள். சொவத்துல மாதா படம், மாலை காஞ்சிருக்கு. தட்டு ரெண்டு, கவுத்து வச்சிருக்கு. வெளியே டீச்சர், "சட்டைக் கட்டம் பச்சையா நீலமா?" என்று மட்டும் கேட்டார். பச்சை என்றேன். இரண்டு தட்டையும் வரைவாரா, ஒன்றுதான் வரைவாரா என்று எனக்குள் ஒரு பதைப்பு. வந்து பார்த்தபோது இரண்டு தட்டும் இருந்தன, சட்டை இருந்தது, எல்லாம் இருந்தபடியே இருந்தன.

சேர்த்தாச்சு என்ற செய்தி வந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். நான் கடையிலிருந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினேன். தெருவில் எல்லாரும் இருந்தார்கள், யாரும் பார்க்க வந்தது போல இல்லை, கோமளா கீரை ஆய்ந்தாள், மருதையன் யாருடைய சைக்கிளையோ துடைத்தான், சூசை மாமா கிழியாத வலையில் கிழிசல் தேடினார். கதவு திறந்தது. உள்ளே பச்சைக் கட்டச் சட்டை தெரிந்தது, காலண்டர் தெரிந்தது, கவிழ்த்த தட்டுகள் தெரிந்தன. டீச்சர் தெருவில் நின்று அதையெல்லாம் பார்த்தார், வெகுநாள் கழித்து வந்து இறங்கிய ஆள் பார்ப்பது போல. பிறகு வாசலேறி உள்ளே போனார்.

உடனே சாத்திவிடவில்லை. நிலைப்படியில் நின்று கடல் பக்கம் பார்த்தார், பிறகு கடைத்தெருப் பக்கம், பிறகு மறுபடி கடல் பக்கம். கோமளா, ஆய்வதற்குக் கீரை தீர்ந்துபோய் வெறும் தண்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். வருகிறவர்கள் வருவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரமும் டீச்சர் நின்றார். மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்தது. அப்போது டீச்சர் இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்தார். மூன்று வருஷ மணல் அரைபடுகிற சத்தம் கேட்டது, பலகையும் பலகையும் மோதுகிற சத்தம் கேட்டது, தாழ் விழுகிற சத்தம் கேட்டது. அதன்பிறகு உள்ளேயிருந்து அழுகை வந்தது, பெரிய அழுகை, கன்றை இழந்த மாடு கத்துவது போல, சாயங்காலம் வரை வந்தது. தெருவில் அன்றைக்கு யாரும் உலை வைக்கவில்லை. சூசை மாமா வலையைக் கீழே போட்டுவிட்டு வெள்ளைப் பெயின்ட் வாங்கப் போனார்.

திருவிழாவில் பெயர் வாசித்தார்கள், மூன்று பேருக்கு நடுவில் ஞானராஜ். டீச்சர் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் நின்றார், கையில் மெழுகுவர்த்தி சொட்டியபோது சுடுகிறது என்று கையை உதறினார். அந்தக் கதவு இப்போது மற்றக் கதவுகள் மாதிரியே காலையில் திறக்கிறது, மத்தியானம் மூடுகிறது.

விளையாட்டு வெளிவந்த பிறகு எங்கெங்கோ இருந்து ஆடுகிறவர்கள் விபினுக்கு எழுதிக் கேட்கிறார்களாம், அந்த ஊரில் ஒரு வீடு இருக்கிறது, உள்ளே எடுப்பதற்கு ஒன்றுமில்லை, நுழையவும் முடிவதில்லை, கதவு திறந்து வெகுநேரம் நின்றுவிட்டுத் தானாகச் சாத்திக்கொள்கிறது, அது எதற்கு என்று. விபினுக்குப் பதில் தெரியாது. கட்டி முடிப்பதற்கு முந்தின நாள் டீச்சர் அழுது வீங்கிய முகத்தோடு என் கடைக்கு வந்து அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார், அதை மட்டும் ஏன் எதற்கு என்று கேட்காமல் அவர் மாற்றிக்கொடுத்தார். சாத்திய பிறகு அந்தக் கதவைத் தட்டினால் இப்போது "யாரும் இல்லை" என்று வருவதில்லை. "இருக்கேன்" என்று வருகிறது.